ஒரே கலவை, மூன்று வாசல்: பழைய நான்கு சேனல் ரிக்கார்டுகளை ஒப்பிட்டுக் கேட்டபோது

நண்பர் ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே இரண்டு இசைத்தட்டுகள், ஒரு 8 ட்ராக் கார்ட்ரிட்ஜ், ஜப்பானில் செய்த டீமாடுலேட்டர் ஒன்று. எல்லாமே 1970-களின் நான்கு சேனல் சரக்கு, அதாவது 'குவாட்': அறையின் நான்கு மூலை ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி. "இதுல எது நல்லா இருக்கும்னு கேட்டுச் சொல்லுங்க சார், மத்ததை வித்துடறேன்" என்றார். அரை நாள் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். பல வார இறுதிகளை அது தின்றுவிட்டது.

தட்டு ஒன்று பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', நான்கு சேனலை இரண்டுக்குள் மடக்கும் எஸ்க்யூ முறையில் வெட்டியது. கார்ட்ரிட்ஜும் அதே ஆல்பம்தான், 8 ட்ராக்கின் நான்கு சேனல் வகையான க்யூ-8 வடிவில். மற்ற தட்டு ஜப்பானிய இசைக்கலைஞர் இசாவோ டோமிட்டா, பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் இசையை மூக் என்ற சிந்தசைசரில் வாசித்து 1974-ல் வெளியிட்ட ஆல்பம். ஆர்சிஏ நிறுவனத்தின் சிடி-4 தட்டு. அதிலிருந்து நான்கு சேனலைப் பிரிக்கத்தான் அந்த டீமாடுலேட்டர். (இந்த சிடிக்கும் பின்னால் வந்த காம்பாக்ட் டிஸ்குக்கும் உறவில்லை.)

இதில் ஒரு நல்வாய்ப்பு இருந்தது. பிங்க் ஃபிளாய்டு ஆல்பத்தின் நான்கு சேனல் கலவையை (மிக்ஸ்) செய்தவர் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். எஸ்க்யூ தட்டும் க்யூ-8 நாடாவும் அந்தக் கலவையிலிருந்தே வந்தவை. 2011-ல் வந்த பெரிய பெட்டித் தொகுப்பின் டிவிடியிலும் அதே கலவை, நான்கு சேனலும் தனித்தனியாக, டிஜிட்டலாக இருக்கிறது. என் அலமாரியில் அது உண்டு. அதாவது கையில் விடைத்தாள் இருக்கிறது. எந்தச் சத்தம் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தேவையில்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 2003-ல் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1 கலவை வேறு. அதை வைத்து எஸ்க்யூ தட்டுக்கு மதிப்பெண் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு வகுப்பின் விடைத்தாள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-ல் அமெரிக்காவில் வான்கார்ட் நிறுவனம் நான்கு சேனல் ஸ்பூல் நாடாக்களை விற்கத் தொடங்கியது. 1970-ல் ஆர்சிஏ க்யூ-8 கார்ட்ரிட்ஜ் கொண்டுவந்தது. இசைத்தட்டில்தான் சிக்கல், ஏனென்றால் ஊசி ஓடும் பள்ளத்துக்குச் சுவர் இரண்டே இரண்டு, சுவருக்கு ஒரு சேனல். நான்கை இரண்டாகக் கலந்து வெட்டி, வீட்டில் மறுபடி நான்காகப் பிரிக்கலாம் என்றது மேட்ரிக்ஸ் கட்சி: சிபிஎஸ் ஆய்வகத்தில் பெஞ்சமின் பாவர் குழுவின் எஸ்க்யூ, சான்சுயியின் க்யூஎஸ், எலக்ட்ரோ-வாய்ஸின் ஸ்டீரியோ-4. நான்கையும் தனித்தனியாகவே வெட்டுவோம் என்றது ஜேவிசி, அதுதான் சிடி-4. கொலம்பியாவும் பிரிட்டனின் இஎம்ஐயும் எஸ்க்யூ பக்கம், ஆர்சிஏவும் வார்னரும் சிடி-4 பக்கம். வாங்குபவன் எந்தப் பெட்டியை வாங்கினாலும் பாதிப் பாடகர்கள் கிடைக்க மாட்டார்கள். 1970-களின் பின்பாதியில் கடைகளிலிருந்து எல்லாமே மறையத் தொடங்கிவிட்டன.

எஸ்க்யூவை ஓடவிடுவதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போட்டேன். இடது முன், வலது முன் இரண்டும் அப்படியே இடது, வலது சேனலாகப் போகின்றன. பின் சேனல்கள் ஒவ்வொன்றும் 0.707 அளவில் இரண்டு பக்கமும் போகும், ஒரு பக்கம் மற்றதைவிட 90 பாகை கட்டம் (ஃபேஸ்) தள்ளி, அதாவது அலை கால் சுற்று முன்பின்னாக. அந்த 90 பாகைதான் "நான் பின்னால் இருந்து வருகிறேன்" என்ற அடையாளம். இதைத் திருப்பிப் பிரித்தால் இடது பின் மூலையில் மட்டும் வைத்த சத்தம், அங்கே முழு அளவிலும், முன் ஸ்பீக்கர் இரண்டிலும் 3 டெசிபெல் மட்டுமே குறைவாகவும் வருகிறது. வலது பின்னில் மட்டும் சுத்தமாக இல்லை. ஆக, இடதுக்கும் வலதுக்கும் நடுவே கல்சுவர், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே துணித்திரை.

பாடகரை எங்கே வைப்பார்கள்? முன்னால், நடுவில். அந்தக் கணக்கைப் போட்டபோது விடை தவறோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். முன்நடுவில் வைத்த குரல், இரண்டை நான்காகப் பிரிக்கும் சாதாரண எஸ்க்யூ டீகோடரில் நான்கு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் வருகிறது! பின் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இருப்பதால் குரல் மண்டைக்குள் எங்கோ மிதக்கிறது. பின்நடுவில் ஒன்றை வைத்தால் இன்னும் விசேஷம்: இடதும் வலதும் சம அளவு, நேர் எதிர்க் கட்டம். மோனோ ரேடியோவில் போட்டால் அந்தக் கருவி காணாமலே போய்விடும்.

அக்காலத்து ஆம்ப்ளிஃபையர்காரர்கள் இதற்குச் செய்த ஒட்டுவேலையின் பெயர் 10-40 பிளெண்ட். முன் இரண்டையும் 10 விழுக்காடு, பின் இரண்டையும் 40 விழுக்காடு ஒன்றோடொன்று கலப்பது. பின்னால் எதிர்க் கட்டத்தில் வரும் குரல் கலக்கும்போது தன்னைத்தானே தின்றுகொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் சுமார் 6 டெசிபெல் வித்தியாசம் கிடைக்கும். விலையாக, பின் மூலைகளின் பிரிவு வெகுவாகக் குறைந்துவிடும். 1973-ல் பலர் வீட்டில் கேட்ட எஸ்க்யூ இதுதான். "குவாட் என்பது ஏமாற்று" என்று அவர்கள் முடிவுகட்டியதில் தப்பே இல்லை.

க்யூஎஸ் தட்டு பெட்டியில் இல்லை என்றாலும் காகிதம் இருக்கிறதே, போட்டுப் பார்த்தேன். அதில் எந்த மூலைச் சத்தமும் பக்கத்து மூலைகள் இரண்டிலும் 3 டெசிபெல் குறைவாகக் கசியும், எதிர்மூலையில் மட்டும் இருக்காது. முன்நடுக் குரல், பின் ஸ்பீக்கர்களைவிட முன்னால் 7.7 டெசிபெல் கூடுதல். எஸ்க்யூவைவிட எவ்வளவோ மேல். ஆனால் சாதாரண ஸ்டீரியோவில் போட்டால் இடது முன் கருவி வலப்பக்கமும் அதே 7.7 டெசிபெல் குறைவில் ஒழுகும், மேடை குறுகும். ஸ்டீரியோவில் வாங்குபவனைக் கெடுக்கக் கூடாது என்பது சிபிஎஸ்ஸின் கவலை. வட்டம் எங்கும் சமமாக இருக்க வேண்டும் என்பது சான்சுயியின் கவலை. யார் வாடிக்கையாளர் என்பதில் இரு வீட்டாருக்கும் கருத்து வேறு, அவ்வளவுதான்.

இனி, காது. முதலில் 1970-களின் ரிசீவர் ஒன்றில், அதனுள்ளேயே இருக்கும் எளிய எஸ்க்யூ டீகோடரோடு போட்டேன். 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அலறும். ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரக் கடை ஒன்றில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தவை அவை, அதுவும் குவாட் செயல்விளக்கத்துக்காகவே. விடைத்தாளில் அவை அறை முழுக்கத் தனித்தனி இடங்களில் நிற்கின்றன. ரிசீவரில் கடிகாரக் கடையின் கதவை மூடிவிட்டு வெளியே நின்று கேட்டதுபோல இருந்தது. நிறைய மணி, இடம் மட்டும் இல்லை.

அடுத்து, தட்டை இரண்டு சேனலாகவே கணினியில் பதிவு செய்துகொண்டு மென்பொருளில் பிரித்தேன். லாஜிக் வகை டீகோடர்கள் செய்வது இதுதான்: எந்த நொடியில் எந்தத் திசைச் சத்தம் ஓங்கியிருக்கிறது என்று பார்த்து, அதன் கசிவை மற்ற ஸ்பீக்கர்களில் அழிப்பது. தொடக்க காலத்தில் இதைச் சேனலின் ஒலியளவைக் கூட்டிக் குறைத்துச் செய்தார்கள். டிரம் விழும்போதெல்லாம் பின்னால் இருக்கும் வயலின் மூச்சு வாங்கும். 1980 வாக்கில் வந்த, ஜிம் ஃபாஸ்கேட்டின் டேட் டீகோடரில்தான் அந்த மூச்சிரைப்பு ஏறக்குறைய அடங்கியது. அதற்குள் கடைகளுக்குப் புதிய எஸ்க்யூ தட்டு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

'மனி' பாட்டின் தொடக்கத்தில் கல்லாப்பெட்டி, காசு, காகிதம் கிழிபடும் சத்தம் எல்லாம் ஏழு தாளத்தில் சுழலும். ஒவ்வொரு சத்தமும் அறையின் மூலைகளைச் சுற்றி நடக்கும். மென்பொருளில் இது விடைத்தாளோடு மிக நெருங்கி வந்தது. காரணம் எளிது: ஒரு நேரத்தில் ஒரு சத்தம், டீகோடருக்குக் குழப்பமில்லை. அதே மென்பொருளில் கடிகாரங்களைப் போட்டால் கதவு பாதிதான் திறந்தது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கத்தும்போது எந்தப் பக்கத்துக்குச் சாய்வது என்று அதற்குத் தெரியவில்லை. டீகோடர்களை ஒப்பிட்டுக் காட்டும் காணொளிகளில் கல்லாப்பெட்டியையே ஓடவிடுவார்கள். கடிகாரத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. எஸ்க்யூவின் உயிரே கட்டத்தில் இருக்கிறது. இதைக் கேசட்டில் ஏற்றி வைத்திருந்தால் மறந்துவிடலாம். கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, 10 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் 4.76 மைக்ரான். நாடாவைப் படிக்கும் ஹெட் கொஞ்சம் சாய்ந்து, இரண்டு தடங்களுக்கும் நடுவே 1.2 மைக்ரான் வித்தியாசம் வந்தாலே 90 பாகை கழன்றுவிடும். அப்புறம் முன் எது, பின் எது என்று டீகோடர் யாரிடம் கேட்கும்?

க்யூ-8-க்கு இந்தத் தலைவலி இல்லை. நாலு தடம், நாலு சேனல், நேரடி. சாதாரண 8 ட்ராக்கில் நான்கு ஸ்டீரியோ புரோகிராம் (ஒரே சமயத்தில் ஓடும் தடங்களின் தொகுதி), இதில் இரண்டு. கார்ட்ரிட்ஜின் மூலையில் சின்ன வெட்டு இருக்கும்; அதைத் தொட்டுணர்ந்து பிளேயர் நான்கு சேனலுக்கு மாறும். ஆனால் ஐம்பது வருட நாடாவை அப்படியே உள்ளே தள்ளிவிடாதீர்கள். கார்ட்ரிட்ஜின் மேலோட்டைப் பிரித்தேன், நாடாவை ஹெட்டோடு அழுத்தும் நுரைப்பஞ்சு விரலில் மாவாக வந்தது. நாடாவின் இரு முனைகளையும் இணைக்கும் உலோகத் தாளின் பசை காய்ந்து, ஒரு இழுப்பில் கையோடு வந்துவிட்டது. ஓடும்போது அது விட்டிருந்தால் முனை சுருளுக்குள் போய், அதைத் தேடி எடுப்பதற்குள் பொழுது விடிந்திருக்கும். புதுப் பஞ்சு, புது ஒட்டு போட்டபின் ஓடியது.

இடம்பிடிப்பதில் நாடா விடைத்தாளையே ஒத்திருந்தது. கடிகாரங்கள் தனித்தனியாக நின்றன. மற்றதெல்லாம் தோல்வி. 6.35 மி.மீ. நாடாவில் எட்டுத் தடம், நொடிக்கு 9.5 செ.மீ. வேகம்: இரைச்சல் மழை மாதிரி. ஹெட்டின் உயரம் மயிரிழை பிசகினால் அடுத்த புரோகிராமின் பாட்டு அடியில் மெல்ல ஒழுகுகிறது. இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் இந்த ஆல்பத்தின் நடுவே 'டக்' என்று ஹெட் நகர்வதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சிடி-4-க்கு வருவோம். அதிக நேரம் போனது இதில்தான்.

பள்ளத்தின் ஒவ்வொரு சுவரிலும் இரண்டு செய்தி. காதுக்குக் கேட்கும் பகுதியில், 15 கிலோஹெர்ட்ஸ் வரை, முன்னும் பின்னும் சேர்ந்த கூட்டல். அதற்கு மேலே 30 கிலோஹெர்ட்ஸ் கேரியர் அலையில் ஏற்றி, முன்னிலிருந்து பின்னைக் கழித்த மிச்சம். டீமாடுலேட்டர் இரண்டையும் கூட்டினால் முன், கழித்தால் பின். ஸ்டீரியோவில் கேட்பவனுக்குக் கூட்டல் மட்டும் போகும், குறையே தெரியாது. யோசனை அவ்வளவு அழகு. ஆனால் ஊசி ஏறத்தாழ 45 கிலோஹெர்ட்ஸ் வரை படிக்க வேண்டும். 33⅓ சுழற்சியில், மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில் இருக்கும் உட்பள்ளம் நொடிக்கு 21 செ.மீ. வேகத்தில்தான் நகர்கிறது, 30 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் அங்கே 7 மைக்ரான். சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரம் 15 மைக்ரானுக்கும் மேல். பல்லாங்குழியில் தேங்காயை வைத்த கதை. அதனால்தான் ஜேவிசியின் நோரியோ ஷிபாட்டா, பள்ளத்தின் குறுக்கே அகலமாகவும் நீளவாக்கில் மெல்லியதாகவும் தொடும் ஊசியை வடித்தார். குவாட் செத்துப்போனாலும், ஸ்டீரியோ ரசிகர்கள் இன்றும் காசு கொடுத்து வாங்கும் ஷிபாட்டா ஊசி அதுதான்.

நான் வாங்கிய கார்ட்ரிட்ஜ் (இது நாடாப் பெட்டி அல்ல, ஊசியைத் தாங்கும் சின்ன உடல்) "சிடி-4-க்கு உகந்தது" என்று விற்கப்பட்டது. டீமாடுலேட்டரின் முகப்பில் கேரியர் கிடைத்தால் எரியும் சிவப்பு விளக்கு உண்டு. எரியவே இல்லை. இரண்டு நாள் டீமாடுலேட்டரைப் பிரித்துப்போட்டு மின்தேக்கிகளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஊசியை யுஎஸ்பி நுண்ணோக்கியில் வைத்தால், அழகான உருண்டை முனை! பழைய உடலில் யாரோ மலிவு மாற்று ஊசியைச் செருகியிருக்கிறார்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

சரியான ஊசி வந்ததும் விளக்கு எரிந்தது, ஆனால் மினுக்கு மினுக்கென்று. இப்போது வில்லன் கேபிள். கார்ட்ரிட்ஜ் சுருளின் தூண்டமும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் எல்லை வகுக்கும். அதற்கு மேற்பட்ட அலைவரிசைகளின் அளவு சரிந்துவிடும். 500 மில்லிஹென்றி சுருளுக்கு 250 பிக்கோஃபாரட் கேபிள் போட்டால் எல்லை 14 கிலோஹெர்ட்ஸ். 30-க்கு வழியே இல்லை. 100 மில்லிஹென்றி, 100 பிக்கோஃபாரட் என்றால் 50 கிலோஹெர்ட்ஸ். குட்டையான, தேக்கம் குறைந்த கேபிளை நானே சாலிடர் செய்தேன். விளக்கு நின்று எரிந்தது.

அப்புறம் பின்பக்கத் திருகுகள். கழித்தல் சமிக்ஞையின் அளவு கூட்டலோடு சரியாகப் பொருந்தாவிட்டால் முன், பின் பிரியாது. 2 டெசிபெல் பிழை இருந்தாலே பிரிவு 19 டெசிபெல்லைத் தாண்டாது. ஆனாலும் எளிய எஸ்க்யூவின் 3 எங்கே, இந்த 19 எங்கே! திருகைச் சுற்றிக்கொண்டே வந்தபோது ஒரு புள்ளியில், பின்னால் இருந்த மூக் சட்டென்று முன் ஸ்பீக்கரைவிட்டுக் கழன்று என் பிடரிக்குப் பின்னால் போய் நின்றது. எல்லாம் முடித்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் மனதில் நிற்பது அந்தக் கணம்தான்.

அது ஏறத்தாழ முக்கால் பக்கத்துக்கு நீடித்தது. ஊசி உட்பள்ளங்களை நெருங்கியதும் உரத்த இடங்களில் காகிதம் கிழிவது போன்ற சத்தம், பிறகு விளக்கு அணைந்தது. கேரியர் போனால் கழித்தல் இல்லை. முன்னும் பின்னும் ஒரே சத்தம். நேரடிக் கார்ட்ரிட்ஜ் சமிக்ஞையை 192 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பதிவு செய்து, எந்த நேரத்தில் எந்த அலைவரிசை என்று காட்டும் அலைமாலை வரைபடமாக விரித்தேன். வெளிப்பள்ளங்களில் 30 கிலோஹெர்ட்ஸில் கம்பி இழுத்ததுபோல் கோடு. உள்ளே போகப்போக அது மங்கி, விட்டுவிட்டு, கடைசிப் பகுதியில் புள்ளிகளாகச் சிதறியது. யாரோ எப்போதோ உருண்டை ஊசியால் பலமுறை ஸ்டீரியோவாகத் தேய்த்திருக்க வேண்டும். தட்டின் மேல் கீறல் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குப் புதுத்தட்டு.

இதில்தான் இரண்டு முறைகளின் தலைவிதியும் இடம் மாறுகிறது. 1973-ல் கேட்டவனுக்கு எஸ்க்யூ ஏமாற்று, சிடி-4 அதிசயம். எஸ்க்யூ தட்டில் வெட்டியது இரண்டு சாதாரண சேனல்கள். சுமாராகப் பாதுகாத்திருந்தாலே அவை அப்படியே இருக்கின்றன, டீகோடர்தான் வருடத்துக்கு வருடம் தேறுகிறது. அதே ஜிம் ஃபாஸ்கேட் பின்னாளில் டால்பி புரோ லாஜிக் 2-ஐ உருவாக்கினார். நம்மூர்த் திரையரங்குகள் 1990-களில் டால்பி ஸ்டீரியோ என்று பலகை மாட்டியபோது, ஃபிலிமின் ஓரத்தில் இரண்டு தடங்களுக்குள் நான்கு சேனலை ஒளித்து வைத்திருந்ததும் இந்த மேட்ரிக்ஸ் வித்தையின் உறவுதான். சிடி-4 தட்டோ ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பின்சுவரை இழக்கிறது.

ஸ்பீக்கர் வைப்பதைப் பற்றியும் ஒன்று. சதுரத்தின் நான்கு மூலையில் வைத்தால், பக்கவாட்டில் நடந்து போக வேண்டிய சத்தம் நடக்காது, தாவும். விடைத்தாளைப் போட்டாலும் அப்படித்தான். பக்கவாட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே மாயபிம்பத்தைக் காது நம்பாது. பிபிசி ஆய்வுப் பிரிவு 1974-லேயே சோதித்து எழுதி வைத்த விஷயம். அதற்கு எஸ்க்யூவையோ சிடி-4-ஐயோ குற்றம் சொல்லிப் பயனில்லை.

நண்பருக்கு என் தீர்ப்பு: எஸ்க்யூ தட்டை விற்காதீர்கள், கணினியில் நல்ல பதிவு ஒன்று எடுத்துக்கொண்டு வைத்திருங்கள். க்யூ-8 நாடாவை ஒரே ஒரு முறை நான்கு சேனலாகப் பதிவு செய்துவிட்டேன். வேண்டுமானால் நாடாவை விற்றுவிடுங்கள். டோமிட்டாவை 192 கிலோஹெர்ட்ஸில் இரண்டு பக்கமும் எடுத்து வன்தட்டில் போட்டிருக்கிறேன், நாளைக்கு நல்ல மென்பொருள் வந்தால் அந்தச் சிதறிய புள்ளிகளிலிருந்தும் இன்னும் ஏதாவது தேறலாம். தட்டைத் தொடாதீர்கள்.

"அப்போ டீமாடுலேட்டர்?" என்றார். அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். டோமிட்டாவின் உள்ளுறையில் பென்சிலால், முதல் பக்கம் எந்த இடம் வரை விளக்கு எரிந்தது என்று குறித்து அவர் கையில் கொடுத்தேன்.